கென்யிர் ஏரிக்கரையில் இரண்டு நாட்கள்



சென்ற ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் பாடத்தில் ஒரு படம் காட்டினோம். ஆப்பிரிக்கக் கண்டத்தில், சிம்பாப்வே நாட்டில், கரீபா என்னும் பேரேரியின் தென்கரையில் அமைந்துள்ள மதுசதோனா தேசியப் பூங்காவைப் பற்றிய படம் அது. மாலை வெயிலில் யானைகள் வரிசையாக இறங்கி வந்து நீர் அருந்தின. நீர்யானைகள் மூச்சு விட்டன. சற்றுத் தொலைவில் ஒரு படகில் இருவர் அமர்ந்து, கூரிய பற்களையுடைய புலிமீனைத் தூண்டிலிட்டுப் பிடித்துக் கொண்டிருந்தனர். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, இதையெல்லாம் பார்க்க ஆப்பிரிக்காவுக்குத்தான் போக வேண்டுமா?" என்று கேட்டாள்.

வகுப்பறையில் உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. சொன்னாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள். ஐந்து திங்கள் கழித்து, ஒரு பேருந்து நிறைய மாணவரை ஏற்றிக்கொண்டு திரங்கானு மாநிலத்தின் கென்யிர் ஏரிக்குச் சென்று வந்தோம். அப்பயணத்தில் கண்டவற்றையும் கற்றவற்றையும், நாம் செய்த ஒரு பிழையையும் இம்மலரில் எழுதி வைக்க விழைகின்றோம்.

முதலில் கரீபாவைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். அந்த ஏரி இயற்கையாக அமைந்ததன்று. சாம்பசி ஆற்றின் குறுக்கே 1955ஆம் ஆண்டு முதல் 1959ஆம் ஆண்டு வரை அணை கட்டி, ஆற்றைத் தடுத்து உண்டாக்கியது. அதன் பரப்பு 5,000 சதுர கிலோமீட்டருக்கும் மிகுதி; நம் ஜொகூர் மாநிலத்தில் கால் பங்குக்கும் மேல் நீரில் மூழ்கினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்த தோங்கா மக்கள் ஏறத்தாழ 57,000 பேர் தம் ஊர்களை விட்டுப் பெயர்க்கப்பட்டனர். நீர் ஏற ஏற, குன்றுகள் தீவுகளாயின. தீவுகளில் விலங்குகள் சிக்கிக்கொண்டன. அவற்றை மீட்க ரூப்பர்ட் பாதர்கில் என்னும் அதிகாரியின் தலைமையில் படகுகள் புறப்பட்டன. விவிலியத்தில் வரும் நோவாவின் பேழையை நினைவூட்டும் வண்ணம் அப்பணிக்கு 'நோவா நடவடிக்கை' என்றே பெயர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் கரை சேர்க்கப்பட்டன. சாதாரணக் கயிறு மான்களின் கால்களை அறுத்துவிட்டதால், பெண்கள் அணியும் நைலான் காலுறைகளை முறுக்கிக் கயிறாக்கிக் கட்டினார்களாம். அதற்காகப் பெண்கள் தம் பழைய காலுறைகளை அனுப்பி வைத்தனர். இச்செய்தியைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியபின், "அந்த மக்களை எதில் ஏற்றிச் சென்றார்கள்?" என்று ஒருவன் கேட்டான். லாரிகளில் ஏற்றிச் சென்றார்கள் என்றோம். அதற்குமேல் எவரும் சிரிக்கவில்லை.

நம் நாட்டில் இவ்வாறான ஏரி உண்டா என்றால், உண்டு. கென்யிர் அத்தகையதே. அளவிற் சிறியது, காடு வேறு, விலங்குகள் வேறு. ஆயினும் பிறந்த விதம் ஒன்றே.

பயணம் பற்றிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அறிவித்தபோது எதிர்ப்பு எழுந்தது. செலவைப் பற்றியன்று, தண்ணீரைப் பற்றி. ஒரு தாயார் எழுந்து, "ஐயா, என் பிள்ளையை ஆற்றுப் பக்கமே நான் விட்டதில்லை. இப்போது ஏரிக்கு அனுப்பச் சொல்கிறீர்களே" என்றார். அவர் கூற்றில் நியாயம் இருந்தது. 2019ஆம் ஆண்டு மார்ச் திங்களில் நம் ஊர்க் கிம் கிம் ஆற்றில் வேதிக்கழிவு கொட்டப்பட்டு, அதன் நச்சுக் காற்றால் பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. பாசிர் கூடாங் வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அன்று பாலர் பள்ளியில் இருந்த பிள்ளைகளே இன்று ஆறாம் ஆண்டில் அமர்ந்திருப்போர். ஆறு என்றால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய ஒன்று என்றே அவர்களிற் பலர் எண்ணி வளர்ந்துள்ளனர். நம் பாடநூலில் 'ஆறு மனிதனுக்கு நீர் தருகிறது. மீன் தருகிறது' என்று படிக்கும்போது அவர்கள் முகத்தில் ஓர் ஐயம் தெரியும். அந்த ஐயத்தை நூலால் போக்க முடியாது. தெளிந்த நீரை ஒரு முறையேனும் அவர்கள் கையால் அள்ளிப் பார்க்க வேண்டும். இதைத்தான் அன்று கூட்டத்தில் சொன்னோம். அந்தத் தாயார் தாமும் உடன் வருவதானால் சம்மதம் என்றார். வந்தார். படகில் எல்லாருக்கும் முன்னதாக மிதவைச் சட்டை அணிந்துகொண்டவரும் அவரே.

மாணவர் 34 பேர், ஆசிரியர் நால்வர், பெற்றோர் அறுவர். வெள்ளிக்கிழமை இரவு பள்ளித் திடலிலிருந்து புறப்பட்டு, கோத்தா திங்கி, மெர்சிங், குவாந்தான் வழியாக, விடிந்து வெயில் ஏறும் வேளையில் கோலா பெராங் என்னும் சிற்றூரை அடைந்தோம். கிழக்குக் கரைக்குப் பருவமழை வருவதற்கு முன்பே போய்விட வேண்டும். ஆண்டிறுதியில் அங்கு மழை கொட்டும், ஏரி கலங்கும், படகுப் பயணமும் நல்லதன்று. கோலா பெராங்கிலிருந்து காவி படகுத்துறை அதிகத் தொலைவில்லை. வழியெல்லாம் உறங்கி வந்த பிள்ளைகள் படகுத்துறையில் இறங்கியதும் ஒரு கணம் ஒன்றும் பேசாமல் நின்றனர். நீரும் மலையும் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. புகைபோக்கிகள் இல்லாத வானத்தைப் பார்ப்பது பாசிர் கூடாங் பிள்ளைகளுக்குப் புதிது.

ஈண்டு ஏரியின் வரலாற்றைச் சொல்வோம். திரங்கானு ஆற்றின் குறுக்கே மின்னாக்கத்திற்காக அணை கட்டும் பணி 1978இல் தொடங்கி 1985இல் நிறைவுற்றது. அணையின் உயரம் 155 மீட்டர். அதன் அடியில் உள்ள சுல்தான் மாமூட் மின்னிலையம் 400 மெகாவாட் மின்சாரம் ஆக்கவல்லது. அணைக்குப் பின்னால் தேங்கிய நீர் ஏறத்தாழ 370 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கின்றது. நம் கடற்கரையிலிருந்து எதிரே தெரியும் சிங்கப்பூரின் பரப்பில் ஏறக்குறைய பாதி என்றால் உங்களுக்கு விளங்கும். மூழ்கியவை பள்ளத்தாக்குகள், மூழ்காமல் நின்ற குன்றுச்சிகள் 340 தீவுகளாயின. எனவே கென்யிரில் ஒரு தீவில் இறங்கினால், நாம் இறங்குவது கடற்கரையில் அன்று. ஒரு மலையின் உச்சியில். இதைப் படகில் விளக்கியபோது, "அப்படியென்றால் நாம் இப்போது மரங்களுக்கு மேலே மிதக்கிறோமா, ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டான். ஆம், அப்படித்தான். அவன் உடனே படகின் விளிம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

ஏரியின் ஓரங்களில் ஆயிரக்கணக்கான பட்ட மரங்கள் நீரிலிருந்து தலை நீட்டி வெள்ளெலும்பு போல நிற்கின்றன. நாற்பது ஆண்டுகள் நீரில் நின்றும் அவை ஏன் மக்கி விழவில்லை? மரத்தை மக்கச் செய்வன பூஞ்சையும் நுண்ணுயிர்களும் ஆகும். அவற்றிற்கு உயிர்வளி வேண்டும். ஆழ்நீரில் உயிர்வளி மிகக் குறைவு. ஆதலால் நீருக்கடியில் உள்ள அடிமரம் வைரம் பாய்ந்தபடியே நிற்கும். வெயிலும் மழையும் மாறி மாறிப் படும் மேற்பகுதிதான் மெல்ல உதிரும். மூழ்கிய மரங்களை நீருக்கடியிலேயே அறுத்து வெளியே எடுக்கும் தொழிலும் அங்கு நடந்துள்ளது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடியில் உயிர்வளி இல்லையென்றால் அங்கே மீனும் வாழாது. ஆழம் நூறு மீட்டருக்கு மேல் உள்ள இடத்திலும் மீன்கள் மேல்நீரிலும், பட்ட மரங்களுக்கிடையிலும், ஆறுகள் வந்து கலக்கும் வாய்களிலுமே திரியும். தூண்டிற்காரர்கள் நடு ஏரியில் நேரத்தை வீணாக்காததற்குக் காரணம் இதுவே.

பேவா குகையைப் பற்றி மிகுதியாக எழுதப் போவதில்லை. அணைக்கு முன்னர் மலையேறிச் சென்றடைய வேண்டிய குகை அது. இன்று படகை நிறுத்திப் படியேறினால் போதும். 2009, 2010ஆம் ஆண்டுகளில் நடந்த அகழாய்வில் ஏறத்தாழ 16,000 ஆண்டுகளுக்கு முந்தைய மனித எலும்புக்கூடு அங்குக் கிடைத்தது. உள்ளே வௌவால் எச்சத்தின் வாடை பொறுக்க முடியவில்லை. மாணவியர் பாதியிலேயே திரும்பிவிட்டனர். நாமும் அவர்களைக் காக்கும் சாக்கில் திரும்பினோம்.

இனி யானைக்கு வருவோம். பிள்ளைகள் வந்ததே அதற்காக. ஏரியின் தென்பகுதி தாமான் நெகாரா தேசியப் பூங்காவின் எல்லையைத் தொட்டுக் கிடக்கின்றது. அங்கே நுழைய வனவிலங்குத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். படகோட்டி அறுபதைக் கடந்த மலாய்ப் பெரியவர். பிள்ளைகள் அவரைப் 'பாக் சிக்' என்று அழைத்தனர். அவர் அதிகம் பேசுபவர் அல்லர். தென்கரையில் ஒரு சிற்றாற்றின் வாயருகே இயந்திரத்தை நிறுத்திவிட்டு, விரலால் கரையைக் காட்டினார். நீர் வற்றிப் பின்வாங்கிய சேற்றில் வட்ட வட்டமாகக் குழிகள் இருந்தன. யானையின் அடிச்சுவடுகள். ஓரங்கள் இன்னும் உலராமல் இருந்தன. முதல் நாள் இரவு வந்து போயிருக்க வேண்டும்.

யானை கரையோரத்துக்கு ஏன் வருகின்றது? நீருக்காக மட்டும் அன்று. அடர்ந்த பெருங்காட்டின் உள்ளே வெயில் தரையில் விழாது. ஆகவே புல்லும் இளந்தளிரும் அரிது. அங்கே உணவு பெரும்பாலும் உயரத்தில், குரங்குக்கும் பறவைக்கும் எட்டும் இடத்தில் உள்ளது. காடு திறந்து வெயில் விழும் ஆற்றோரம், ஏரிக்கரை, பாதையோரம் ஆகிய இடங்களில்தான் புல்லும் மூங்கிலும் செழிக்கும். கரீபாவிலும் நீர் இறங்கும் காலத்தில் கரையில் படரும் புல்லே யானையையும் காட்டெருமையையும் அழைத்து வருகின்றது. காட்டை மூழ்கடித்த அதே நீர், விளிம்பில் ஒரு புல்வெளியை உண்டாக்கித் தருகின்றது. இதை நன்மை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை; ஆயினும் உண்மை.

அந்தச் சேற்றுக் கரையில் நாங்கள் ஒரு கணக்குப் பாடம் நடத்தினோம். யானையின் முன்னங்காற் சுவட்டின் சுற்றளவை அளந்து இரண்டால் பெருக்கினால், அதன் தோள் உயரம் ஏறத்தாழக் கிடைக்கும். யானைப் பாகர்கள் நெடுங்காலமாக அறிந்த கணக்கு இது. ஓர் ஆசிரியை தைப்பதற்குக் கொண்டுவந்திருந்த நூலை எடுத்துத் தந்தார். மாணவர் நூலைச் சுவட்டைச் சுற்றி வைத்து, பின் அடிக்கோலால் அளந்தனர். பெரிய சுவடு 109 சென்டிமீட்டர். அப்படியானால் யானை 218 சென்டிமீட்டர். பக்கத்திலேயே சிறு சுவடு ஒன்று 58 சென்டிமீட்டர்; அந்த யானை 116 சென்டிமீட்டர். "என்னைவிடக் குட்டை!" என்று நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் துள்ளினான். பெரிய சுவடுகளுக்கு நடுவிலேயே சிறிய சுவடுகள் சென்றிருந்தன. எங்கும் வெளியே விலகவில்லை. பெருக்கல் வாய்பாட்டில் தடுமாறும் பிள்ளைகள் கூட அன்று பிழையின்றிப் பெருக்கினர். யானையை மட்டும் நாங்கள் காணவில்லை.

இது குறித்துச் சில பிள்ளைகளுக்கு ஏமாற்றம் இருந்தது. ஆப்பிரிக்கப் படத்தில் நூறு யானைகள் வந்தன, இங்கே ஒன்று கூட இல்லையே என்றனர். அங்குள்ளது பெரும்பாலும் திறந்த புல்வெளியும் குறுங்காடும். கண்ணுக்கு எட்டிய தூரம் எல்லாம் தெரியும். நம்முடையதோ மழைக்காடு. பத்தடி தூரத்தில் யானை நின்றாலும் இலைகள் மறைத்துவிடும். இக்காட்டைக் காதால் பார்க்க வேண்டும். விடியலில் கிப்பன் குரங்குகள் மலைக்கு மலை கூவி அழைப்பதைக் கேட்டோம். இருவாய்ச்சிப் பறவை பறக்கும்போது அதன் இறக்கைகள் எழுப்பும் 'உஸ் உஸ்' என்னும் ஓசையைப் பிள்ளைகள் முதலில் நீராவி இயந்திரம் என்றே எண்ணினர். மலாயாப் புலியின் சுவடு எதுவும் காணவில்லை. தீபகற்பம் முழுவதிலும் அவை 150க்கும் குறைவாகவே உள்ளன என்று 2022இல் வெளியான கணக்கெடுப்பு கூறிற்று.

யானையைப் பற்றி இன்னொரு செய்தி. இளமையில் நாம் குளுவாங் வட்டாரத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் பணியாற்றினோம். ஓரிரவு யானைகள் புகுந்து, புதிதாக நட்ட செம்பனைக் கன்றுகளைப் பிடுங்கிக் குருத்தைத் தின்றுவிட்டுச் சென்றன. மறுநாள் வேலைக்குப் போன தாய்மார் பாதியில் திரும்பி வந்தனர். பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. தோட்ட மக்கள் யானையைக் கையெடுத்துக் கும்பிடவும் செய்தனர், தகரத்தைத் தட்டி விரட்டவும் செய்தனர். இவ்வாறு மனிதரோடு மோதும் யானைகளைப் பிடித்துப் பெருங்காடுகளில் கொண்டுபோய் விடும் பணியை வனவிலங்குத் துறை 1974 முதல் செய்து வருகின்றது. தொடக்கத்தில் இந்தியாவின் அசாம் மாநிலத்திலிருந்து பழக்கிய யானைகளையும் பாகர்களையும் வரவழைத்தனர். இதுவரை அறுநூறுக்கும் மேற்பட்ட யானைகள் இடம் மாற்றப்பட்டுள்ளன. தாமான் நெகாராவும் இந்த ஏரியைச் சூழ்ந்த காடுகளும் அவற்றிற் பலவற்றிற்குப் புகலிடமாயின. தீபகற்பத்தில் இன்று எஞ்சியுள்ள காட்டு யானைகள் ஏறத்தாழ 1,200 முதல் 1,700 வரை என மதிப்பிடுகின்றனர். நாங்கள் அளந்த அந்தச் சுவட்டுக்குரிய யானை, ஏதேனும் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து வண்டியேறி வந்த யானையின் பேத்தியாகவும் இருக்கலாம். தோட்டத்திலிருந்து பெயர்ந்து நகரத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள்தாம் நம் பள்ளியிலும் படிக்கின்றனர்.

இவ்விடத்தில் தேக்கடியைக் குறிப்பிடாமல் செல்ல இயலவில்லை. நம் முன்னோர் பலர் பிறந்த மதுரை, தேனி மண்ணுக்கு நீர் தருவதற்காகப் பென்னிகுக் என்னும் பொறியாளர் 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உண்டான ஏரி அது. அங்கும் பட்ட மரங்கள் நீரில் நிற்கின்றன; யானைகள் கரைக்கு வருகின்றன. 1978இல் புலிகள் காப்பகமாயிற்று. அவ்வேரியில் மன்னான் என்னும் பழங்குடியினர் இன்றும் மீன் பிடிக்கின்றனர். ஒரு காலத்தில் அக்காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்து விற்றவர்களையே பிற்காலத்தில் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் ஆக்கினார்கள். பட்டை உரிக்கச் சென்றவனுக்குத்தானே காட்டின் ஒவ்வொரு தடமும் தெரியும்!

இரண்டாம் நாள் மீன்களுக்கு உரியதாயிற்று. காலையில் பெத்தாங் ஆற்றுக்குச் சென்றோம். அங்கே கெலா மீனுக்குக் காப்பிடம் அமைத்துள்ளனர். கெலா, கெண்டை இனத்தைச் சேர்ந்தது, பெருஞ்செதில்கள் உடையது, வலிமை மிக்கது. துங்கை ஆற்றங்கரையில் சிருங்கேரிக் கோயில் படித்துறையில் பக்தர்கள் பொரி இட்டுக் காக்கும் மீன்களும் இதன் உறவினவே. ஓடும் தெளிந்த நீரில்தான் கெலா முட்டையிடும். தேங்கிய ஏரியில் அதற்கு இனப்பெருக்கம் இல்லை. ஆற்றின் மேற்பகுதிக்கே ஏறிச் செல்ல வேண்டும். கரையோர மரங்களிலிருந்து நீரில் விழும் பழங்கள் அதற்கு முக்கிய உணவு. ஆகவே மரத்தை வெட்டினால் மீனும் போய்விடும். மீனைக் காப்பவர் முதலில் அத்தி மரத்தைக் காக்க வேண்டும் என்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அதுவே இயற்கையின் கணக்கு. மெதுவாக வளரும் மீன், சுவை மிக்க மீன், விலை மிகுந்த மீன். இம்மூன்றும் சேர்ந்தால் என்ன நேரும் என்று சொல்லத் தேவையில்லை. பிடித்துப் பிடித்துப் பல ஆறுகளில் அதை இல்லாமற் செய்துவிட்டனர். இக்காப்பிடத்தில் தூண்டிலுக்கு இடமில்லை.

முழங்கால் அளவு நீரில் பிள்ளைகள் இறங்கி நின்றனர். கால்விரல்கள் தெளிவாகத் தெரிந்தன. தீனியைத் தூவியதும் மீன்கள் சூழ்ந்து, கால்களில் உரசி, கையிலிருந்தே உண்டன. கூட்டத்தில் எதிர்த்துப் பேசிய அந்தத் தாயார் சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு நீரில் இறங்கினார். குனிந்து ஒரு கை நீரை அள்ளி முகர்ந்து பார்த்தார். பிறகு மகளின் முகத்தைக் கழுவிவிட்டார். நாம் அருகில் நின்றோம், ஒன்றும் சொல்லவில்லை.

பிற்பகலில் ஏரியில் தூண்டிலிடச் சென்றோம். நாம் எழுத வேண்டியதாயிருந்த பிழை இங்கே நிகழ்ந்தது.

கென்யிரில் பெயர் பெற்ற மீன் தோமான். நம் ஊர்க்குளத்து விராலின் இனம். ஆனால் ஒரு மீட்டருக்கும் மேல் வளரும். செவுளோடு காற்றைச் சுவாசிக்கும் உறுப்பும் அதற்கு உண்டு. எனவே அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கிச் செல்லும். அதன் குஞ்சுகள் செந்நிறமானவை. நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே கூட்டமாக மேலெழுந்து காற்றை விழுங்கும்போது, நீரின்மேல் குங்குமத்தைக் கொட்டியது போல ஒரு திட்டு கொதித்தெழும், உடனே மறையும். அக்கூட்டத்திற்குக் கீழே தாயும் தந்தையும் சுற்றிச் சுற்றிக் காவல் செய்யும். நெருங்கும் எதனையும் பாய்ந்து கடிக்கும். பசியால் அன்று, சினத்தால். தூண்டிற்காரர்களுக்கு இது தெரியும். செந்திட்டின்மேல் பொய் இரையை எறிந்தால், காவல் மீன் தவறாமல் பாயும். எளிதான வேட்டை. பெற்றோர் பிடிபட்டால், மற்ற மீன்கள் சில நிமிடங்களில் குஞ்சுகளை விழுங்கித் தீர்த்துவிடும். ஆகவே நல்ல தூண்டிற்காரர் செந்திட்டைக் கண்டால் தூண்டிலை மடக்கிக்கொள்வர்.

இவையெல்லாம் நமக்குத் தெரியும். புறப்படுவதற்கு முன் பள்ளியில் கரும்பலகையில் படம் வரைந்து நாமே பிள்ளைகளுக்கு விளக்கியிருந்தோம். வார இறுதிகளில் நம் ஊர்க் கடலோரத்தில் தூண்டிலிடும் பழக்கம் நமக்கு முப்பது ஆண்டுகளாக உண்டு. ஆயினும் தோமான் பிடித்ததில்லை. பட்ட மரங்களுக்கிடையில் படகு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தபோது, இருபதடி தூரத்தில் செந்திட்டு எழுந்தது. பிள்ளைகள் "அதோ! அதோ!" என்று கூவினர். கையில் தூண்டிற்கோல் இருந்தது. எண்ணிச் செய்தோம் என்று சொல்ல முடியாது. எண்ணாமல் செய்தோம் என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். இரையை எறிந்தோம். அது நீரைத் தொட்டதும் நீர் வெடித்தது. கோல் வளைந்தது. பிள்ளைகள் ஆரவாரித்தனர். சில நிமிடப் போராட்டத்திற்குப்பின் நம் கையளவு நீளமுள்ள ஒரு தோமான் படகோரம் வந்தது.

பாக் சிக் ஒன்றும் பேசவில்லை. இயந்திரத்தின் கைப்பிடியில் கை வைத்தபடி எம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரவாரம் மெல்ல அடங்கியது. அப்போது, முதல் நாள் சிறு சுவட்டை அளந்த அந்த நான்காம் ஆண்டு மாணவன், "ஐயா, இது அம்மாவா, அப்பாவா?" என்று கேட்டான். நமக்குத் தெரியவில்லை. "அந்தக் குஞ்சுகளை இப்போது யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று அவனே மீண்டும் கேட்டான். கரும்பலகையில் நாம் எழுதியதைத்தான் அவன் திருப்பிக் கேட்டான்.

பாக் சிக் எழுந்து வந்து, மீனின் தலையை நீருக்குள் வைத்தபடியே தூண்டில் முள்ளைக் குறட்டால் கழற்றினார். காற்றைச் சுவாசிக்கும் மீனாதலால் அது சோர்ந்துவிடவில்லை. விரைவாக விட்டால் திரும்பிப் போகக்கூடும் என்று மலாயில் சொன்னார். கையை விட்டதும் வாலை ஒரு முறை வீசிப் பட்ட மரங்களின் பக்கம் மறைந்தது. நாம் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், செய்தது பிழை என்று சொன்னோம். சொல்வது எளிதாக இல்லை. முப்பது ஆண்டுகள் பிறர் பிழைகளுக்குச் சிவப்பு மையில் கோடிட்டுப் பழகிய கை இது.

கரைக்குத் திரும்பும் நேரமாயிற்று. பிள்ளைகள் போக மறுத்தனர். குஞ்சுகள் பிழைத்தனவா என்று தெரிய வேண்டுமாம். பாக் சிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், இயந்திரத்தை அணைத்தார். முப்பத்துநான்கு பிள்ளைகளும் இரண்டு படகுகளில் ஓசையின்றி அமர்ந்திருந்தனர். நம் பள்ளி மண்டபத்தில் அத்தகைய அமைதியை நாம் கண்டதில்லை. சற்று நேரத்தில் செந்திட்டு மீண்டும் எழுந்தது. முன்பிருந்ததைவிடச் சிறியதாகத் தோன்றியது. மறைந்தது. மீண்டும் பத்தடி தள்ளி எழுந்தது. மூன்றாம் முறை எழுந்தபோது, அதன் ஓரத்தில் பெரிய குமிழி ஒன்று வெடித்தது. கருத்த முதுகு ஒரு கணம் தெரிந்து உள்ளே சென்றது. அது நாம் விட்ட மீனா, அல்லது விலகாமல் காவல் நின்ற மற்றொன்றா என்று பாக் சிக்குக்கும் தெரியவில்லை.

அவர் இயந்திரத்தை முடுக்கவில்லை. துடுப்பை எடுத்து, அந்த இடத்தைக் கடக்கும்வரை கையாலேயே வலித்துச் சென்றார்.